காயாத எண்ணெய்

மரச்சாமான் பட்டறையில் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு உள்ளே வருகிற புது வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட ஆளைத் தேடுவார்கள். அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவர் பாலிஷ் போட்ட மேசையில் குனிந்தால் முகம் தெரியும். அதற்காகப் பட்டறை முதலாளி வைத்த பெயர் அது. நாளடைவில் பெண்டாட்டியின் தம்பி வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டு "கண்ணாடி மாமா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் அவருடைய வேலை கண்ணால் முடிகிற வேலை இல்லை. உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, எண்ணெய் ஊட்டி, காயவிட்டு, மறுபடி தேய்த்து என்று போகும் அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வலது கையின் நடு மூன்று விரல்களால் பலகையை நீளவாக்கில் தடவிப் பார்ப்பார். விரல் சரி என்றால் சரி. வெளிச்சம் ஆளை ஏமாற்றும், விரல் ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

ஒரு நாள் விரலும் ஏமாற்றியது. தேக்கில் செய்த ஒரு சாப்பாட்டு மேசை. முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி சும்மா போகிறபோக்கில் அதன்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு நின்றார்.

"என்ன கண்ணாடி, இந்த மூலை சொரசொரன்னு இருக்கே?"

"இருக்காதே."

"நீயே தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. முதலாளி விளையாடுகிறார் என்று நினைத்து, ஒரு பேச்சுக்கு இடது கையையும் வைத்தார். சொரசொரவென்று இருந்தது. மறுபடி வலது கை: வழவழ. இடது கை: சொரசொர. ஒரே மேசை, ஒரே மூலை, கைக்கு ஒரு பேச்சு.

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே பயந்திருப்பார். கண்ணாடிக்கும் பயம் வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாகத்தான். முதலில் வந்தது ஆச்சரியம். மேசையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வழியெல்லாம் விரல்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வீட்டுக்குப் போனார். விரலா பேச மறுக்கிறது, இல்லை விரல் சொல்வது மேலே போய்ச் சேரவில்லையா? மண்டையைக் குடைந்தது.

அவர் மனைவிக்குப் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. அன்றைக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனிதர் அடுப்படி மேடையில் மூன்று கிண்ணங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஒவ்வொன்றிலும் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"எது உப்பு, எது சர்க்கரை, எது ரவைன்னு விரல் சொல்லுதான்னு பாக்கறேன்."

"அதுக்குத்தான் நாக்கு இருக்குல்ல?"

"நாக்கால மேசைய நக்க முடியுமா?"

அவள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மேலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற பழுப்புதான். "எவ்வளவு நாளா?" என்று கேட்டாள். அதுதான் தெரியாது என்றார் அவர். மேசை சொன்ன பிறகுதான் தெரிந்தது என்றார். மறுநாளே அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

நரம்புப் பிரிவில் இருந்த டாக்டரம்மா இளவயதுக்காரி. நிதானமாகப் பேசுவாள். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சோதனையில் வந்தது. அதைச் சொல்லிக்கொண்டே அவர் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இது என்ன வாசனை?"

"தின்னர். பாலிஷ இளக்கறதுக்கு ஊத்தறது."

"தினமும் வெறுங்கையோடயா?"

"கை நனையாம பாலிஷ் எப்படிங்க?"

"நரம்பும் நனையுதே ஐயா. சர்க்கரை ஒரு பக்கம், இந்தத் தின்னர் ஒரு பக்கம். ரெண்டும் சேந்து நுனி நரம்ப அரிக்குது. கையுறை போடுங்க, மூக்குக்கு மறைப்புக் கட்டுங்க, சாப்பாட்டக் குறைங்க." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "இன்னொன்னு. கை கால் நுனி மரத்துப்போறவங்களுக்கு மீன் எண்ணெய் உதவுமான்னு இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது. பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் மாத்திரை, மீதிப் பேருக்குச் சும்மா சோள எண்ணெய். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விருப்பம் இருந்தா சேரலாம்."

"மீன் எண்ணெய்ல அப்படி என்ன இருக்கு?"

இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதில்லை போலிருக்கிறது. டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒமேகா மூணுன்னு ஒரு கொழுப்பு. மூளைல இருக்கற தண்ணிய எடுத்துட்டுப் பாத்தா பாதிக்கு மேல கொழுப்புதான் ஐயா. ஒவ்வொரு நரம்பணுவுக்கும் மேல தோல் மாதிரி ஒரு சவ்வு இருக்கு. அது கொழுப்பால ஆனது. சேதி எல்லாம் அது வழியாத்தான் போகணும் வரணும். அந்தச் சவ்வு விறைப்பா இருந்தா சேதி திணறும். இந்த ஒமேகா மூணு அங்கங்க மடங்கி மடங்கி இருக்கற ஒரு சங்கிலி. மடங்கின சங்கிலிய நெருக்கி அடுக்க முடியாதுல்ல? அதனால சவ்வு இளக்கமா இருக்கும். கண்ணோட உள்திரைலயும் இது நிறைய உண்டு. உடம்பால இதத் தானா உண்டாக்கிக்க முடியாது, சாப்பாட்டுலதான் வரணும். மீன்ல வரும். வால்நட், ஆளிவிதை, இதுல எல்லாம் இதோட தங்கச்சி முறை ஒன்னு வரும். அதுல கொஞ்சத்த நம்ம உடம்பு மாத்திக்கும்."

கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆளிவிதையா? லின்சீட் எண்ணெயா?"

"ஆமா, அதேதான்."

"அதத்தானேங்க நான் மேசைக்குப் போடறேன்!"

அவர் குரல் வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் மரத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்த எண்ணெய் அது. மரத்தில் இறங்கி, காற்றுப் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி, கடைசியில் தோல் மாதிரி ஆகிவிடும். அதனால்தானே அது பாலிஷ். அதுமட்டுமா? அந்த எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே அது சூடேறிப் பற்றிக்கொள்ளும். பட்டறையில் ஒருமுறை அப்படிப் புகைந்து ஒரு அலமாரி போயிருக்கிறது. அதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"மரத்துல காயற எண்ணெய் மண்டைக்குள்ள காயாதாங்க? சூடு கிளம்பாதா?"

பக்கத்தில் நின்ற மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள், ஆனால் கேள்வியைத் தள்ளவில்லை. "நல்ல கேள்வி. காத்துல இருக்கற ஆக்சிஜன் அந்த மடிப்புலதான் வந்து ஒட்டும். அதனாலதான் உங்க எண்ணெய் காயுது. மூளைலயும் அந்த ஆபத்து உண்டு. ஆனா அதுக்குக் காவல் இருக்கு…" என்று ஆரம்பித்தபோது யாரோ கதவைத் தட்டி அவளை அவசரமாகக் கூப்பிட்டார்கள். காவல் யார் என்பதைச் சொல்லாமலே போய்விட்டாள். கண்ணாடி ஆராய்ச்சியில் சேர்ந்ததற்கு விரல் ஒரு காரணம் என்றால், அந்தப் பாதிப் பேச்சு இன்னொரு காரணம்.

மைத்துனனும் சேர்ந்தான். பட்டறையின் வண்டி ஓட்டுவது அவன்தான். அவனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்று புலம்பாத நாள் இல்லை. அக்கா சொன்ன ஒரு சொல்லுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டான். சோதனை இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நடந்தது. தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழையால் விரல் நுனியைத் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுகிறது, தொடவில்லை என்று சொல்ல வேண்டும். தட்டினால் அதிரும் ஒரு இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்பார்கள். பிறகு வரிசையாகச் சில வார்த்தைகளைப் படித்துக்காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முடிந்ததும் ஆளுக்கு ஒரு புட்டி கொடுத்து, மாத்திரையைக் கடிக்கக்கூடாது, உடைக்கக்கூடாது என்று செவிலி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

கொஞ்ச நாளிலேயே மைத்துனன் வண்டியைவிட்டுக் குதித்து இறங்க ஆரம்பித்தான். "எறும்பு போயிடுச்சு மாமா! ஒன்னுகூட இல்ல! எனக்கு அசல் சரக்குதான், சந்தேகமே இல்ல."

"எப்படித் தெரியும்?"

"கால் சொல்லுது."

கண்ணாடிக்கு விரல் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை எலுமிச்சை வாசனை அடித்தது. மீன் வாசனை வெளியே தெரியக்கூடாதென்று இரண்டு வகைக்கும் அதைச் சேர்த்திருந்தார்கள். விழுங்கிவிட்டு உட்கார்ந்து ஏப்பத்துக்காகக் காத்திருந்து பார்த்தார். அதுவும் எலுமிச்சைதான். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் செவிலி சொன்னதையும் மீறி ஒரு மாத்திரையை ஊசியால் குத்தினார்.

பட்டறை ஜன்னலோரம் மூன்று கண்ணாடித் துண்டுகளை வைத்தார். ஒன்றில் தன் லின்சீட் எண்ணெய், ஒன்றில் வீட்டுச் சமையல் எண்ணெய், ஒன்றில் மாத்திரைக்குள் இருந்த எண்ணெய். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு, விரலால் மெலிசாகப் பரப்பிவிட்டார். அவர் கணக்கு எளிமையானது. மீன் எண்ணெயும் மடிப்பு மடிப்பான சங்கிலி என்றால், அதுவும் லின்சீட் மாதிரிக் காய வேண்டும். காய்ந்தால் அசல், காயாவிட்டால் சோளம்.

லின்சீட் முதலில் பிசுபிசுத்து, பிறகு தோல் கட்டியது. சமையல் எண்ணெய் அப்படியே இருந்தது. மாத்திரை எண்ணெயும் அப்படியே இருந்தது. தினமும் வந்ததும் தொட்டுப் பார்ப்பார். ஈரம். அடுத்த நாளும் ஈரம்.

"சோளம்," என்றார் மனைவியிடம். "எனக்குச் சோளத்தக் குடுத்து ஏமாத்திட்டாங்க."

"ஏமாத்தல. பாதிப் பேருக்குச் சோளம்னு சொல்லித்தானே குடுத்தாங்க?"

"அப்ப இத முழுங்கி என்ன பிரயோஜனம்?"

"முழுங்கறேன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல? நடுவுல விட்டா அந்தப் பொண்ணு உழைப்பெல்லாம் வீணாப் போகும். சோளம் ஒன்னும் விஷமில்ல."

முணுமுணுத்துக்கொண்டே விழுங்கினார். மைத்துனனிடம் அவன் மாத்திரையில் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார், அதையும் சொட்டு வைத்துப் பார்க்கலாமே என்று. அவன் புட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். "அதுல மட்டும் கைய வைக்காதீங்க மாமா. என் கால் நல்லா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

மருந்து இல்லை என்று ஆனபிறகு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. கையுறை போட்டுப் பழகினார். முதலில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது, துணி வழுக்கியது, எண்ணெய் அதிகமாக விழுந்தது. பிறகு பிடிபட்டது. பரிசோதிக்கும்போது மட்டும் கையுறையைக் கழற்றி, இடது கையால் தடவினார். இடது கைக்கு அந்த அளவு படிப்பு இல்லை. சொரசொரப்பு இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஒரு நாள் முதலாளி உள்ளே வந்து பார்த்தபோது, கண்ணாடி ஒரு அலமாரிக் கதவின்மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, மெல்ல மெல்ல முகத்தை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"தூங்கறியா?"

"கன்னத்துல நரம்பு நல்லா இருக்கு முதலாளி. விரலவிட ஒன்னும் மோசமில்ல. என்ன, மொதல்ல சவரம் பண்ணிக்கணும்."

முதலாளி தானும் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் கதவின் இரண்டு பக்கமும் கன்னம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

அடுத்த சோதனைக்குப் போனபோது, இழை தொடுவதற்கு முன்பே கண்ணாடி தானாகவே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். மாத்திரையைக் குத்தியது, மூன்று கண்ணாடித் துண்டு, சோளம் என்று முடிவுகட்டியது, எல்லாம். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"இத நான் எழுதி வைக்கணும் ஐயா. தனக்குக் கெடைச்சது இதுதான்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தர் சாப்பிட்டா, அந்த நெனப்பே முடிவ மாத்திடும். அதுக்காகத்தான் மறைச்சுக் குடுக்கறோம்."

"தப்புதாங்க. மண்ட வெடிச்சுடும் போல இருந்துச்சு."

அவள் அதை எழுதிவைத்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டாள்: "எவ்வளவு மெலிசாப் பரப்புனீங்க?"

விவரமாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "உங்க சோதனை நல்ல சோதனைதான். ஆனா இந்த மாத்திரைய வெச்சு ஒன்னும் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு வகைலயும் வைட்டமின் ஈ கலந்திருக்கோம்," என்றாள்.

வெளியே பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான். "எண்ணெய்ல ஈ விழுந்துடுச்சா?"

"நீ சும்மா இரு மாப்ள," என்றார் கண்ணாடி. "அது என்னங்க பண்ணும்?"

"காயாமப் பாத்துக்கும். ஆக்சிஜன் வந்து மடிப்புல ஒட்டறதுக்கு முன்னாடி இது குறுக்க விழுந்து வாங்கிக்கும். அன்னைக்குக் காவல்னு சொன்னேன்ல? மூளைலயும் இதேதான். அந்தக் கொழுப்புக்குப் பக்கத்துலயே வைட்டமின் ஈ நிக்குது. அது மட்டும் இல்ல, இன்னும் சில ஆளுங்களும் இருக்காங்க. அதனால உங்க சொட்டு மீனா இருந்தாலும் காஞ்சிருக்காது, சோளமா இருந்தாலும் காஞ்சிருக்காது."

கண்ணாடி எழுந்தே நின்றுவிட்டார். தான் போட்ட கணக்கு தப்பு என்று தெரிந்ததில் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து மனைவிக்கே விளங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மருந்துக் கடையில் வைட்டமின் ஈ மாத்திரை வாங்கினார். லின்சீட் எண்ணெயில் அதைக் கலந்து ஒரு கண்ணாடித் துண்டில், கலக்காமல் ஒன்றில். கலக்காதது வழக்கம்போலத் தோல் கட்டியது. கலந்தது அதற்குப் பிறகும் பல நாள் ஈரமாகவே கிடந்தது. மனைவியைப் பட்டறைக்கே கூட்டிவந்து தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஈரமா இருக்கு," என்றாள்.

"இதுதான் உன் மண்டைக்குள்ள நடக்குது!"

"என் மண்டைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் சொன்னா தாங்க மாட்டீங்க. மேசை வேலை கெடக்குதுன்னு முதலாளி வாசல்ல நிக்கறாரு பாருங்க."

ஆராய்ச்சி முடிந்து, யாருக்கு எது என்ற மறைப்பை விலக்கிய நாளில் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கண்ணாடி சாப்பிட்டது மீன் எண்ணெய். மைத்துனன் சாப்பிட்டது சோள எண்ணெய்.

மைத்துனன் நம்பவில்லை. புட்டியை மாற்றிவிட்டார்கள் என்றான். காலை உதறிக் காட்டினான். "அப்ப என் எறும்பு எங்க போச்சு? சோளம் தின்னப் போயிடுச்சா?"

"போனது பொய்யில்ல," என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்கு நெசமாவே குறைஞ்சிருக்கு. இழைச் சோதனைல பெரிசா மாறல, ஆனா உங்களுக்குத் தொந்தரவு குறைஞ்சிருக்கு. மருந்து கெடைக்குதுன்னு நம்பினாலே மூளை வலிய அடக்கி வைக்கும். அது எப்படின்னு முழுசா எங்களுக்கே தெரியாது."

கண்ணாடியின் விஷயம் நேர்மாறு. அசலைச் சாப்பிட்டுக்கொண்டே சோளம் என்று நம்பியவர். அவருடைய ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் இழையை முன்னைவிட நன்றாக உணர்ந்தன. நடுவிரல் இன்னும் பாதி மந்தம்தான். அவர் உடனே கேட்டார்: "அப்ப இது மீன் எண்ணெய்னாலயா?"

"சொல்ல முடியாது. கையுறை போட்டீங்க. சர்க்கரை இறங்கியிருக்கு. எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு ஒரே ஒரு ஆள வெச்சுச் சொல்ல முடியாது. மொத்தப் பேரையும் சேத்துப் பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல சின்ன வித்தியாசம்தான். அது தற்செயலாக்கூட இருக்கலாம். இன்னும் பெரிசாச் செஞ்சு பாக்கணும்."

"ஒரு கைல மட்டும் கையுறை போடாம இருந்து பாத்தா தெரிஞ்சுடுமே?"

"போடாம இருந்து பாருங்க," என்றாள் மனைவி. "அப்புறம் பாக்கறதுக்குக் கையே இருக்காது."

வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். மீனுக்கு அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? மீன் தானாகச் செய்வதில்லை என்றாள் டாக்டரம்மா. கடலில் இருக்கிற நுண்பாசிதான் பெரும்பாலும் செய்கிறது, அதைச் சின்னச் சின்ன உயிர்கள் தின்று, அதுகளை மீன் தின்று, அப்படி வருகிறது என்றாள். கண்ணாடி அதைக் கேட்டுக்கொண்டு போனவர், அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடாமல், பச்சைப் பாசிக்கும் தன் விரலுக்கும் நடுவில் எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

விரல் அதற்குமேல் திரும்பவில்லை, மோசமாகவும் இல்லை. இரண்டு விரலும், இடது கையும், தேவைப்பட்டால் கன்னமுமாக அவர் வேலை ஓடுகிறது. மைத்துனனுக்குக் கொஞ்ச நாளில் எறும்பு திரும்பி வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிக் கெடுத்துவிட்டார்கள் என்று டாக்டரம்மாமேல் இன்றைக்கும் அவனுக்குக் கோபம்.

போன மாதம் மருத்துவமனையில் அடுத்த ஆராய்ச்சி தொடங்கியது. இந்தத் தடவை ஞாபகசக்திக்கு. மீனை விட்டுவிட்டு நேரே பாசியிலிருந்தே எடுத்த எண்ணெயாம். ஆரோக்கியமான நடுத்தர வயதுக்காரர்கள் வேண்டும் என்று சலவைப் பிரிவுக்கும் செய்தி வந்தது. கண்ணாடியின் மனைவி யாரிடமும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள்.

"மாத்திரை எங்க?" என்றார் அவர், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"வேலை செய்யற எடத்துல பெட்டிக்குள்ள இருக்கு. பூட்டியாச்சு."

"வீட்டுக்குக் கொண்டு வரலையா?"

"அங்கயே முழுங்கிட்டு வந்துடுவேன்."

"ஒரே ஒரு மாத்திரை. சும்மா பாத்துட்டுத் தந்துடறேன்."

அவள் உள்ளே போய் முகம் கழுவினாள். அவர் பின்னாலேயே போய், மாத்திரை என்ன நிறம் என்று கேட்டார். அதையும் அவள் சொல்லவில்லை.